ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்காதீர்கள்

வீட்டில் அடிபடும் பெண்களுக்குத் துணை நிற்கும் எங்கள் அமைப்பில் புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். வாரத்தில் எந்த நாள் வேண்டுமானாலும் லீவு எடுங்கள், ஞாயிறு மட்டும் வேண்டாம். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம். சம்பள ராத்திரியில் என்ன நடக்கும் என்று லைன் வீட்டில் குடியிருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிறு காலை பத்து, பதினொரு மணிக்கு அடிபட்ட பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இடுப்பில் ஒரு பிள்ளையோடு வாசலில் வந்து நிற்பார்கள். "நாளைக்கு வாங்க" என்றால் வர மாட்டார்கள். நாளைக்கு லீவு போட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். அதற்குள் கன்னத்து வீக்கமும் வடிந்திருக்கும், வீட்டுக்காரரும் மல்லிகைப் பூவோடு சமாதானம் பேசியிருப்பார்.

நான் 11 வருடம் பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் டேபிளில் நின்றவள். படிப்பு பத்தாவதோடு சரி. இப்போது 14 வருடமாக இந்தச் சின்ன அமைப்பில் இருக்கிறேன். பலர் என்னை 'வக்கீலம்மா' என்பார்கள். நான் வக்கீல் இல்லை. டாக்டர், இன்ஸ்பெக்டர், வக்கீல், நீதிபதி எல்லாரும் அவரவர் இடத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் அலைவது அந்தப் பெண். அந்த அலைச்சலில் கூடவே போவதுதான் எங்கள் வேலை. பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அரசின் சகி மையங்களில் இதற்கு 'வழக்குப் பணியாளர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கீழே வரும் பெண்களின் ஊரையும் சில விவரங்களையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

முதல் ஒரு மணி நேரம்

முதலில் டீ வாங்கிக் கொடுங்கள், பிள்ளைக்குப் பன். இது வெறும் உபசாரமில்லை. டம்ளரைப் பிடிக்கும்போது கை தெரியும். மணிக்கட்டு வீங்கியிருக்கிறதா, விரல் மடங்குகிறதா, சூட்டை உணர்கிறாளா என்று கேட்காமலே பார்த்துவிடலாம்.

அப்புறம், கூட வந்தவரை வெளியே உட்கார வையுங்கள். பெற்ற தாயாக இருந்தாலும் சரி. ஒரு பெண் அவள் அம்மா பக்கத்தில் இருந்தவரை "சின்னச் சண்டைதாங்க்கா" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா தண்ணீர் பிடிக்கப் போன இரண்டு நிமிடத்தில் ஜாக்கெட் கையை மேலே ஏற்றிக் காட்டினாள். சிகரெட் சூடு, வரிசையாக நாலு.

"எதுக்கு அடிச்சாரு?" என்று மட்டும் கேட்காதீர்கள். நம் வாயில் தானாக வரும் கேள்வி அது. கேட்ட உடனே அவள் காரணம் தேட ஆரம்பித்துவிடுவாள்: குழம்பில் உப்பு கூடிப்போச்சு, போனில் சிரித்துப் பேசினேன், அவங்க அம்மாவை எதிர்த்துப் பேசினேன். பத்து நிமிடத்தில் தப்பு அவளுடையதாகிவிடும். "இத்தனை வருசம் ஏன் பொறுத்துக்கிட்டீங்க?" அதைவிட மோசம். நான் கேட்பவை வேறு. இன்னிக்கு ராத்திரி எங்க படுப்பீங்க? மத்த பிள்ளைங்க இப்ப யார்கிட்ட? நீங்க இங்க வந்தது அவருக்குத் தெரியுமா? போன் உங்ககிட்ட இருக்கா? இந்த நாலுக்கும் பதில் கிடைத்தால் அன்றைக்கு என்ன அவசரம், எது அவசரமில்லை என்று புரிந்துவிடும்.

ஒடிசா, பீகார் பக்கமிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் பெண்களும் வருகிறார்கள். அவர்களோடு வரும் எட்டு வயதுப் பிள்ளைக்கு நல்ல தமிழ் பேச வரும். அந்தப் பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். அப்பா அம்மாவை என்ன செய்தார் என்று அதன் வாயாலேயே சொல்ல வைப்பது பாவம். அழைத்து வந்த கான்ட்ராக்டரும் வேண்டாம், அவர் யார் பக்கம் என்று நமக்குத் தெரியாது. இந்தி, ஒடியா தெரிந்த இரண்டு மூன்று பெண்களின் நம்பரை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் அவள் மனம் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். "நீங்க சொல்றது வெளியே போகாது, ஒண்ணைத் தவிர. 18 வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகிட்ட யாராவது தப்பா நடந்திருந்தா அதை நான் மறைக்க முடியாது." 2012-இன் போக்சோ சட்டப்படி தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது குற்றம். 17 வயதில் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண் அடிபட்டு வந்தாலும் இதே கதைதான். முதலில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்புறம் இதைச் சொன்னால், அவளுக்கு நாமும் ஏமாற்றின ஆள்தான்.

கழுத்து

பல்லை உடைத்தான், கரண்டியைக் காய்ச்சி வைத்தான் என்பதையெல்லாம் பெண்கள் சொல்லிவிடுவார்கள். கழுத்தைப் பிடித்ததைச் சொல்ல மாட்டார்கள். வெளியே காயம் தெரியாததால் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதனால் நீங்களாகவே, அதுவும் நேராகக் கேட்க வேண்டும்: "கழுத்தை நெரிச்சாரா? மூச்சு முட்டுச்சா? கண்ணு இருட்டுச்சா?" "சும்மா ஒரு தடவை புடிச்சாருங்க" என்று பதில் வந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி வையுங்கள். ஒருமுறை கழுத்தை நெரித்தவன் பிறகு கொலை வரை போகும் ஆபத்து பல மடங்கு என்று இதை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். உள்ளே இரத்தக் குழாய் அடிபட்டிருந்தால் சில மணி நேரமோ சில நாளோ கழித்துத்தான் தெரியும். குரல் கம்மல், எச்சில் விழுங்க வலி, கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள், தன்னையறியாமல் சிறுநீர் போனது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஜி.எச்.

கர்ப்பமாக இருக்கும்போது அடிப்பது, மண்ணெண்ணெய் கேனைத் தூக்கிக் காட்டுவது, "உன்னையும் பிள்ளையையும் முடிச்சுட்டு நானும் போறேன்" என்று சொல்வது, சமீபத்தில் அடி கூடிக்கொண்டே போவது, இவையும் அபாய மணி. எல்லாவற்றையும்விட ஆபத்தான காலம் அவள் பிரிந்து போகும் காலம்தான். போகப்போகிறாள் என்று அவனுக்குத் தெரிந்த நாளிலிருந்து சில மாதம். "வெளியே வந்துடு கண்ணு, எல்லாம் சரியாயிரும்" என்று வாய்க்கு வந்தபடி சொல்லிவிடக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி என்று ஒன்று போடுவார்கள், விபத்துப் பதிவேட்டின் நகல். அதில் "எப்படி அடிபட்டது" என்ற இடத்தில் பாதிப் பேர் "பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லிவிடுகிறார்கள், புருஷன் பக்கத்திலேயே நிற்பதால். இரண்டு வருடம் கழித்துக் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து ஆட்டுவது அந்த வரியைத்தான். நீங்கள் கூடப் போனால் டாக்டரிடம் அவளே தன் வாயால், யார், எதால், எங்கே அடித்தார் என்று சொல்லட்டும். அவளுக்குப் பதிலாக நீங்கள் பேசாதீர்கள்.

தேதி எழுதுவது ஒரு கைத்தொழில்

செக்கிங்கில் இருந்தபோது எனக்குக் கற்றுக்கொடுத்தது: "பீஸ் சரியில்லை" என்று எழுதக் கூடாது, எந்த இடத்தில் எத்தனை தையல் விட்டிருக்கிறது என்று எழுத வேண்டும். இந்த வேலையிலும் அதேதான். "கணவர் அடிக்கடி மனரீதியாகவும் உடல்ரீதியாகவும் சித்திரவதை செய்து வந்தார்" என்ற வாக்கியத்தை நான் நூறு மனுக்களில் பார்த்திருக்கிறேன். எந்த நீதிபதிக்கும் அதில் ஒன்றும் தெரியாது.

ஆனால் பெண்களுக்குத் தேதி நினைவிருக்காது. தேதியைக் கேட்காதீர்கள், நாளைக் கேளுங்கள். தீபாவளி போனஸ் வந்த வாரமா, அதற்கு முன்னாலா? மூத்தவனுக்குப் பரீட்சை நடந்ததா? மாரியம்மன் கோயிலில் கம்பம் போட்டிருந்தார்களா? அன்றைக்கு நைட் ஷிஃப்டா? ஒரு பெண்ணோடு ராணிமுத்து காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். கடைசியில் கிடைத்தது இது: "பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை, ராத்திரி பத்து மணி இருக்கும். சம்பளக் கவரைக் கேட்டதற்குச் சப்பாத்திக் கட்டையால் இடது தோளில் இரண்டு அடி. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டினார்." இந்த மூன்று வரிக்குள் தேதி, காரணம், ஆயுதம், சாட்சி எல்லாம் இருக்கின்றன.

அடி மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாக அர்த்தம். 2005-இல் வந்து 2006 அக்டோபர் 26-இல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டம் வன்முறையை நாலு வகையாகச் சொல்கிறது: உடல், பாலியல், சொல்லும் மனமும், பொருளாதாரம். கடைசியை நம் பெண்கள் வன்முறை என்றே நினைப்பதில்லை. ஏ.டி.எம். கார்டு யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் யார் பெயரில் வருகிறது, யார் எடுக்கிறார்கள்? நகையை அடகு வைத்த ரசீது எங்கே? மகளிர் குழுவில் அவள் பெயரில் கடன் வாங்கி அவர் பைக் எடுத்தாரா? சொல்லச் சொல்ல அவளே நிமிர்ந்து உட்காருவாள், "இதுவும் எழுதலாமுங்களா?" என்று.

எந்த வாசல் எதற்கு

"கேஸ் போட்டா அவரை ஜெயில்ல போட்டுருவாங்களா?" பத்தில் எட்டுப் பேர் கேட்பது இது. ஜெயிலில் போட வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. அடி நிற்க வேண்டும், பிள்ளைகளுக்குச் சாப்பாடு வேண்டும், அவ்வளவுதான். அதனால் இரண்டு பாதையையும் பிரித்துச் சொல்லுங்கள்.

ஒன்று போலீஸ் பாதை. புருஷனோ அவர் வீட்டாரோ மனைவியைக் கொடுமை செய்வதற்கான பழைய 498ஏ, இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1-லிருந்து. மூன்று வருடம் வரை தண்டனை. மற்றது நான் மேலே சொன்ன 2005 சட்டம். அதில் மாஜிஸ்திரேட்டிடம் கேட்பது தண்டனை அல்ல, உத்தரவுகள்: கிட்டே வராதே, வீட்டைவிட்டுத் துரத்தாதே, செலவுக்குக் கொடு, பிள்ளையை இப்போதைக்கு அம்மாவிடம் விடு. பாதுகாப்பு உத்தரவை அவர் மீறினால்தான் ஜெயில் பேச்சு வரும், ஒரு வருடம் வரை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டுமே. தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்ந்தவளும், மகனிடம் அடி வாங்கும் தாயும், அண்ணன் வீட்டில் இருக்கும் தங்கையும்கூட இதில் வரலாம்.

இதற்கு மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவர் எழுதுவது குடும்ப நிகழ்வு அறிக்கை. எங்கள் பேச்சில் டி.ஐ.ஆர். அதன் ஒரு நகல் அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கும் போகும் என்பதை அவளிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். தெரியாமல் போய், போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து நின்றால் நம்மேல் இருந்த நம்பிக்கை அதோடு போச்சு.

திருப்பூருக்கு ரொம்பப் பயன்படும் ஒரு விஷயம் அதே 2005 சட்டத்தின் 27-ஆவது பிரிவு. கல்யாணம் தேனியில், புருஷன் வீடு ராமநாதபுரத்தில் என்றாலும், அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம், வேலை பார்க்கும் ஊரிலும் போடலாம். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, உனக்கு உரிமையில்லை என்று மிரட்டுவார்கள். அப்படி இருந்தாலும் அவள் வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையைக் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது. வாடகை லைன் வீடுதான் என்றால் அதே வசதியில் வேறு வீடோ வாடகைப் பணமோ கேட்கலாம்.

முதல் விசாரணை மூன்று நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்று சட்டத்தில் இருக்கிறது. நம்பி உட்காராதீர்கள், வாய்தா போய்க்கொண்டேதான் இருக்கும். அதனால் மனுவோடு சேர்த்தே 23-ஆவது பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்கச் சொல்லுங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்று யாரும் திரும்பிப் போக வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும், கோர்ட் வளாகத்திலேயே அலுவலகம், போன் 15100. உத்தரவு கிடைத்ததும் நகல் இலவசம். அதை நாலு ஜெராக்ஸ் எடுத்து ஒன்றைக் கம்பெனி கேட் செக்யூரிட்டியிடம் கொடுத்து வையுங்கள். புருஷன் முதலில் வந்து நிற்பது அங்கேதான்.

போலீஸ் ஸ்டேஷனில் மனுவோடு இன்னொரு நகலும் கொண்டுபோய் முத்திரை வாங்குங்கள், மனு வாங்கியதற்கு அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். நல்ல அதிகாரிகள் இருக்கிறார்கள். "ரெண்டு தட்டு தட்டினாருனு குடும்பத்தைக் கெடுத்துக்குவியாம்மா?" என்று கேட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே கத்தாதீர்கள். மனுவை வாங்கவே மறுத்தால் கமிஷனருக்கோ எஸ்.பி.க்கோ ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பலாம், அதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. "இனி அடிக்க மாட்டேன்" என்று அவர் எழுதிக்கொடுத்துச் சமாதானமாகப் போனால் அந்தக் காகிதத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். இதுவரை அடித்தேன் என்று அவரே எழுதின காகிதம் அது.

இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேசுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. என் கூட வேலை செய்பவர்களே இதில் என்னோடு சண்டை போடுவார்கள். அடிக்கிறவன் முன்னால் அவள் உண்மை பேசினால் அதற்கான பதில் வீட்டில்தான் கிடைக்கும். நான் அதற்கு மேசை போட்டுக்கொடுக்க மாட்டேன்.

போன்

முதல் வருடம் நான் செய்த தப்பை எழுதத்தான் வேண்டும். ஒரு பெண் இரண்டு வாரமாக வரவில்லையே என்று அவள் நம்பருக்குக் கூப்பிட்டேன். ஆண் குரல் "யாரு?" என்றது. நான் எங்கள் அமைப்பின் பெயரைச் சொன்னேன். அன்று ராத்திரி அவளுக்கு மூன்று தையல்.

அதற்கப்புறம், முதல் சந்திப்பிலேயே பொய்யை முடிவுசெய்துவிடுவேன். யார் எடுத்தாலும் நான் "செக்கிங்குக்கு ஆள் வேணுமுங்க, டபுள் ஷிஃப்ட், வர்றாங்களா?" என்பேன். திருப்பூரில் இந்தப் போனை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவள் "இப்ப ஆகாதுங்க" என்றால் பேச முடியாது என்று அர்த்தம். "எந்த கம்பெனிங்க?" என்றால் ஆபத்து, ஆள் அனுப்பு.

அவள் போனில் வாட்ஸாப் இன்னொரு இடத்தில் இணைந்திருக்கிறதா, மேப்பில் இருப்பிடம் பகிரப்படுகிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே துண்டிக்காதீர்கள், அதுவே அவருக்குச் சேதி சொல்லிவிடும். அந்தப் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். பெண்கள் உதவி எண்ணான 181-க்குப் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிடட்டும். ஆதாரிலும் பேங்கிலும் யார் நம்பர் என்பதையும் பாருங்கள். அவர் நம்பராக இருந்தால் ஓ.டி.பி. எல்லாம் அவருக்குத்தான் போகும்.

திரும்பிப் போனால்

போவாள். நாலைந்து தடவை போய் வந்தவர்கள் இருக்கிறார்கள். சகி மையத்தில் அவசரத்துக்கு ஐந்து நாள் தங்கலாம். அதற்கு மேல் விடுதி. வளர்ந்த ஆண் பிள்ளை இருந்தால் சில இடங்களில் சேர்க்க மாட்டார்கள், முன்னாலேயே போன் போட்டுக் கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் டி.சி. இல்லை என்று எட்டாவது வரை பிள்ளையைச் சேர்க்க மறுக்க முடியாது. இதெல்லாம் தெரிந்தும், ஆறாம் நாள் எங்கே என்ற கேள்வியில்தான் பாதிப் பேர் திரும்புகிறார்கள். கோபப்படாதீர்கள். என் கைக்காசு கொடுத்து அறை பிடித்துக் கொடுத்தவள் திரும்பிப் போனபோது நான் இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை. அந்த இரண்டு மாதமும் அவளுக்குக் கூப்பிட ஆளில்லை. இப்போது கைக்காசு கொடுப்பதில்லை.

போகிறவளிடமிருந்து ஒன்று மட்டும் வாங்கிக்கொள்வேன், ஒரு பழுப்புக் கவர். ஆதார், ஸ்மார்ட் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பாஸ்புக் முதல் பக்கம், கல்யாணப் பத்திரிகை, ஒரு கல்யாணப் போட்டோ, சீர் கொடுத்த பட்டியல், ஏ.ஆர். காப்பி, சி.எஸ்.ஆர். எல்லாம் ஜெராக்ஸ். கூடவே நாங்கள் காலண்டரை வைத்து எழுதின தாள்கள். வீட்டில் வைத்தால் எரித்துவிடுவார், அதனால் எங்கள் பீரோவில். மேலே பெயர் எழுத மாட்டோம், அவளே சொன்ன ஒரு பூவோ காயோ இருக்கும்.

'புடலங்காய்' என்று எழுதின கவர் மூன்று வருடம் கிடந்தது. நடுவில் இரண்டு தடவை வந்து, ஒரு தாள் சேர்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். அப்புறம் ஒரு ஞாயிறு, அவிநாசி டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் கையில் ஒரு ரூபாய்கூட இல்லாமல் வர முடிந்தது. பை இல்லை, செருப்பில்லை, இரண்டு பிள்ளைகள் மட்டும்.

"அக்கா, அந்தக் கவர் இருக்குதுங்களா?"

திங்கட்கிழமை மனு போட்டோம்.

பீரோவுக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம். இன்னொன்று ஞாயிறு டியூட்டியில் இருப்பவரிடம். அதை வீட்டுக்கு எடுத்துப் போகாமல், மேசையின் இடதுபக்க டிராயரில் வையுங்கள்.